பானை ஸ்பீக்கரும் தாய்மாமன் மடியும்

என் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் சிக்னல் வேலை. லீவரை இழுத்தால் தூரத்தில் கம்பி நகர்ந்து கைகாட்டி 'டக்' என்று விழவேண்டும். சரியாக விழுந்ததா, பாதியில் நின்றதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் காதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார் என்பதுதான் என் கஷ்டம். கூடத்தில் உட்கார்ந்தபடியே, அடுப்பில் ரசம் போடுகிற சத்தத்தைக் கேட்டு, இறக்கிவிடு, நுரை கட்டிவிட்டது என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போய்ப் பார்த்தால் நுரை கட்டித்தான் இருக்கும்.

என் அண்ணன் இதற்கு நேர் எதிர். மகாபலிபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுவார், வீடுகளுக்கு ஒயரிங்கும் செய்து கொடுப்பார். அவர் கடைக்கு இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள். பொழுது விடிந்தால் கல்லில் உளி விழ ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவர், பக்கத்தில் இருக்கிறவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். எனக்கு அப்பா அம்மா இல்லை. தாய்வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கத்தல் ஒன்றுதான்.

இந்த இரண்டு பேரும் என் கல்யாணத்தன்றே முட்டிக்கொண்டார்கள். தங்கை கல்யாணம் ஆயிற்றே என்று அண்ணன் தன்னிடம் இருந்த கூம்பு ஸ்பீக்கர் அத்தனையையும் கொண்டுவந்து, பந்தலைப் பார்த்தபடி தென்னை மரங்களில் கட்டிவிட்டார். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு, பக்கத்தில் வாசிக்கிற நாதஸ்வரமே கேட்கவில்லை. கூம்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காது பிளக்கிறது என்று ஒரு சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அந்தச் சொந்தக்காரர் அதை நாலு பேர் நடுவில், சிரித்துக்கொண்டே போய்ச் சொல்லியிருக்கிறார்.  அண்ணன் ஏணியைப் போட்டு எல்லாக் கூம்பையும் அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிட்டு, தாலி கட்டும்போது கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அதிலிருந்து பேச்சு கிடையாது. வீட்டுக்காரர் டூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்து அண்ணன் மீனோடு வருவார். தப்பித்தவறி இரண்டு பேரும் ஒரே கூடத்தில் அகப்பட்டுக்கொண்டால் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும். காபி சாப்பிடச் சொல்லு என்பார் இவர், என்னைப் பார்த்து. இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லு என்பார் அவர், அவரும் என்னைப் பார்த்து. நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மகள் பிறந்து வளர்ந்து, காது குத்துகிற நேரம் வந்தது. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். அந்தத் தாய்மாமனை, குழந்தையின் அப்பா வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு நேரில் போய் அழைக்கவேண்டும். தபால் செல்லாது, ஆள் விட்டுச் சொல்வதும் செல்லாது. நான் கேட்டால் வீட்டுக்காரர், பார்க்கலாம் என்று பேச்சை மாற்றினார். அண்ணனோ, தட்டு வந்தால் முதல் ஆளாக வருவேன், தட்டு வராமல் எப்படி வருவது என்றார். இருக்கிற ஒரே அண்ணன் மடியில் என் பெண் உட்காராமல் போய்விடுவாளோ என்று எனக்குக் கவலை. தை மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது.

வீட்டுக்காரரின் கவலை வேறாக இருந்தது. காதுகுத்துக்குக் கூம்பு வைக்காமல், வீட்டுக்குள்ளேயே நாதஸ்வர இசைத்தட்டு போடவேண்டும், அதில் தவிலின் அடிச்சத்தம் நெஞ்சில் வந்து விழவேண்டும் என்று ஆசைப்பட்டார். மூர் மார்க்கெட்டில் அலைந்து சாமான் வாங்கி வந்து, மாதக்கணக்கில் ஈயம் பற்றவைத்து, ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் வாங்கியாயிற்று. அந்தக் காலத்தில் பெரிய சத்தம் வேண்டுமென்றால் பெட்டி தேடமாட்டார்கள். பானை வாய் மேல் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்தால் போதும். உள்ளே இருக்கிற காற்று சேர்ந்துகொண்டு, கீழ்ச் சத்தம் தடதடவென்று வரும். டீக்கடைகளில் எல்லாம் அப்படித்தான்.

பானை வாங்கப் போன கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குயவர் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு பானையாகத் தலையை உள்ளே விட்டு, 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தார். எந்தப் பானை திருப்பி நன்றாக முனகுகிறதோ அதுதான் வேண்டுமாம். பின்னால் நின்ற எனக்கு மானமே போயிற்று. "சோறாக்கவா சார், இல்ல பேசிக்கினு இருக்கவா?" என்று குயவர் கேட்டார். இவர் காதில் வாங்கினால்தானே.

ஒயர் போக அடியில் ஓட்டை வேண்டும். வீட்டில் ஆணி வைத்துத் தட்டியதில் முதல் பானை இரண்டாகப் பிளந்தது. பிறகு குயவரே பச்சை மண்ணில் ஓட்டை போட்டுச் சுட்டுக் கொடுத்தார். ஓட்டைப் பானையைப் பார்த்ததும் என் மாமியார் வாசற்படியிலேயே மறித்துக்கொண்டார். ஓட்டை விழுந்த பானை சுடுகாட்டுக்குத்தான் போகும், நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் பானைக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் வைத்து, பொங்கல் பானை மாதிரி உள்ளே கொண்டுபோனேன். மாமியாரே வழிவிட்டு ஒதுங்கினார்.

வைக்கோல் பிரிமணை மேல் பானை, பானை விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூப், அதன் மேல் ஸ்பீக்கர். முதல் தடவை இசைத்தட்டைப் போட்டதும் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. குழந்தை தவழ்ந்து போய்ப் பானையைக் கட்டிக்கொண்டது. எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் எங்கள் கூடம் நீளம். அந்தக் கோடியில் உட்காருகிறவர்களுக்குச் சத்தம் மெலிந்துதான் போகும், இன்னொரு பானை இருந்தால் தேவலை என்று வீட்டுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. இதே அளவில் ஒரு ஸ்பீக்கர் அண்ணன் கடைப் பரணில் கிடந்தது. குயவரிடம் இன்னொரு ஓட்டைப் பானையும் வாங்கிவைத்தேன்.

கேட்டதும் அண்ணன் மாட்டேன் என்று சொல்லவில்லை. பழைய வேட்டியில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார், வழக்கம்போல டூட்டி நேரம் பார்த்து. ஆனால் தன் ஸ்பீக்கருக்குத் தானேதான் ஒயர் கொடுப்பேன் என்று நிபந்தனை. அதை எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று எனக்குப் பாடமும் நடத்தினார். உப்புக்காற்றில் கிடந்த ஸ்பீக்கர் காகிதம், ஈரத்துணி படக்கூடாது. உறை போடாமல் விட்டால் பூனை ஏறி உட்காரும், அதற்கு மெத்தை என்று நினைப்பு. பானைக்குள் பூச்சி உருண்டை போடு, இல்லையென்றால் கரப்பான் வந்து பசையைத் தின்றுவிடும். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே நடத்திய பாடத்தில், தரை துடைக்கும்போது பானையைத் தூக்கிவை, குமிழைக் குறைத்துவைக்காமல் சுவிட்சைப் போடாதே, 'டம்' என்று உதைத்துக் காகிதம் கிழிந்துவிடும் என்று இருந்தது. இரண்டு பாடத்தையும் படித்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

வினை வந்தது ஒரு முடிச்சில். வீட்டுக்காரர் வாங்கியிருந்த இரட்டை ஒயரில் இரண்டு இழையும் ஒரே நிறம். எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியவேண்டுமே. ஒரு இழையின் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, அதைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டார். சிக்னல் வேலையில் அவர்களுக்கு அது பழக்கம். அண்ணன் வேலை செய்வது வீட்டுக் கரண்டில். அங்கே முடிச்சு போட்ட இழை என்றால் ஷாக் அடிக்காத இழை, பயமில்லாமல் தொடலாம் என்று அர்த்தம். அவர் அதை மைனஸில் கொடுத்துவிட்டார். இவர் வருகிற வரைக்கும் அவர் இருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஆசை ஆசையாக இசைத்தட்டைப் போட்டார் என் வீட்டுக்காரர். நாதஸ்வரம் கேட்டது. தவிலின் வலதுபக்கம் கணீரென்று கேட்டது. இடதுபக்கத்துத் தொப்பியின் அடிச்சத்தத்தைத்தான் காணோம். ஒரு பானையில் டம்ளர் நடுங்கிய வீட்டில், இரண்டு பானைக்குத் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. வீட்டுக்காரர், அண்ணனுடைய பானையைக் கழற்றிவிட்டுத் தன் பானையை மட்டும் போட்டுப் பார்த்தார். அருமையாக இருந்தது. பார்த்தாயா, அவருடையது பழுது என்றார். இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்து, இவர் பானையைக் கழற்றிவிட்டுத் தன் பானையை மட்டும் போட்டுப் பார்த்தார். அதுவும் அருமை. பார்த்தாயா, மாப்பிள்ளையுடையது பழுது என்றார். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டவள் நான். தனியாக விட்டால் இரண்டும் தங்கமாக இருந்தன, சேர்த்துவைத்தால்தான் வம்பு.

யோசித்துப் பார்த்து, காரணத்தை இவர்தான் முதலில் சொன்னார். டார்ச் லைட் பாட்டரிக் கட்டையை ஒயரில் தொட்டுக் காட்டினார். இவர் ஸ்பீக்கரின் காகிதம் வெளியே வந்தது, அண்ணனுடையது உள்ளே போனது. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, கீழ்ச் சத்தம் நடுவிலேயே செத்துப்போகிறது என்றார். ஏதாவது ஒரு பானையில் இரண்டு இழையையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமாம். அப்படியானால் உங்களுடையதையே மாற்றுங்கள் என்றேன்.

"என்னுது சரியாத்தானே கீது? நான் இன்னாத்துக்கு மாத்தணும்? உங்க அண்ணன மாத்தச் சொல்லு."

மறுநாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மகாபலிபுரம் போனேன். உளிச் சத்தத்துக்கு மேல் கத்தி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் அந்த டார்ச் கட்டை வித்தை தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன? தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து நான் முடிச்சை மாற்றிக் கொடுத்தது கிடையாது, மாப்பிள்ளையை மாற்றச் சொல்லு என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேரு ஒயரும் நீங்களே வெச்சிக்கினு இருங்க. நான் கொயந்தைய கழுக்குன்றத்துக்குத் தூக்கினு போயி, ஆசாரி மடியிலயே ஒக்கார வெச்சி காது குத்திக்கிறேன். எனக்கு அண்ணனும் வாணாம், தவுலும் வாணாம்."

திரும்பி வரும்போது பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. எல்லாரும் ஜன்னல் வழியாக மலை உச்சியில் கழுகைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு விபூதி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, அண்ணனிடம் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் சோறு தின்றார். ரசத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் அண்ணன் வந்தார். மீன் இல்லை, வெறுங்கையோடு, பையில் ஸ்க்ரூ டிரைவர் மட்டும். தண்ணீர்கூடக் கேட்காமல் நேரே தன் பானையிடம் போய் உட்கார்ந்து, இரண்டு இழையையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். போட்டுப் பார்க்கலாமென்றால் கரண்ட் இல்லை. அந்த வருடங்களில் பகலில் கரண்ட் இருந்தால்தான் ஆச்சரியம். எழுந்து நின்று, குழந்தையின் காதுமடலைத் தடவினார்.

"ஆசாரி மடியிலலாம் ஒக்கார வெக்காத" என்றார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேசவரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நான் மாத்தினேன்னு மாப்ளயாண்ட சொல்லாத."

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கரண்டும் வந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டே இசைத்தட்டை வைத்தார். நானும் மனதுக்குள் சிரித்துக்கொண்டு தயாராக நின்றேன். ஊசி இறங்கியது. தகர டப்பாச் சத்தம், அதே பழைய சத்தம்.

இரண்டு பேர் முகமும் தொங்கிப்போனது. அவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காத்தால நீயும் கொயந்தையும் தூங்கினப்போ என்னுதை மாத்தி வெச்சிட்டுத்தானே போனேன்" என்றார், பாதி தனக்கும் பாதி எனக்குமாக.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குழந்தையும் கூடச் சேர்ந்துகொண்டு சிரித்தது. இவர் மட்டும் விழித்தார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் காற்றில் போயிற்று. "அண்ணனும் மாத்திட்டாருங்க" என்றேன். இருவரும் மாற்றினால், மாற்றாத மாதிரிதானே.

அவர் சிரிக்கவில்லை. இசைத்தட்டு ஓடி முடிந்து, ஊசி உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. எந்தச் சத்தத்தையும் விடாத மனிதர், அதை எடுக்கவேண்டும் என்று தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, பித்தளைத் தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு மூன்று பேருமாக பஸ் ஏறினோம். அண்ணன் கடை வாசலில் உளிகள் பொரிந்துகொண்டிருந்தன. எதிரெதிரே இரண்டு பேரும் நின்றார்கள். இவர் ஏதோ சொன்னார், அண்ணனுக்குக் கேட்கவில்லை. இன்னா, இன்னா என்று அண்ணன் காதில் கைவைத்துக் கேட்டார். வாழ்நாளில் குரலை உயர்த்தாத என் வீட்டுக்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்காரர்களுக்கு டீ வந்து, எல்லா உளியும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன.

"மச்சான், நானும் மாத்திட்டேன்! காது குத்த வாங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முதலில் என்னை முறைத்தார், சொல்லாதே என்றேனே என்கிற முறைப்பு. அப்புறம்தான் தட்டைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காதுகுத்துக்கு முதல்நாளே அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார். வந்ததும் புதுச் சண்டை ஒன்று தொடங்கியது. யாராவது ஒருவர் பழையபடி திருப்பி மாற்றவேண்டுமே. உங்களுடையது முதலிலேயே சரிதான் மச்சான், அதைப் பழையபடி வைத்துவிடுங்கள், நான் மாற்றினது மாற்றினபடி இருக்கட்டும் என்றார் இவர். அதெல்லாம் முடியாது மாப்பிள்ளை, உங்களுடையதுதான் சரி, என்னுடையது மாற்றினபடி இருக்கட்டும் என்றார் அவர். காபி ஆறிக்கொண்டிருந்தது. விட்டால் இதற்காக இன்னொரு தடவை பேச்சை நிறுத்திவிடுவார்கள் போலிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் வாசலுக்குத் துரத்திக் கதவைச் சாத்தினேன். ஒரு பானையில் இழைகளை இடம் மாற்றிப் பூட்டி, உறையைப் போட்டு, குமிழைக் குறைத்துவைத்து, சுவிட்சைப் போட்டேன். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெளியே இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் புது வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன் மணையில் உட்கார்ந்தார். மடியில் என் பெண், மொட்டைத்தலையில் சந்தனத்தோடு. ஆசாரி ஊசியை எடுத்ததுமே அண்ணன் கண் கலங்கிவிட்டது. முதல் காதில் ஊசி இறங்கியது, குழந்தை வீரிட்டது. அதன் அழுகை அவருக்குத் தாங்கவில்லை.

"மாப்ள, சத்தத்த ஏத்து" என்று அழுகையோடு கத்தினார். "ஏத்து மாப்ள, காது பொளக்கட்டும்."

என் வீட்டுக்காரர் குமிழைக் கடைசிவரை திருப்பினார். தவில் தரை வழியாக வந்து எங்கள் எல்லாரையும் உலுக்கியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பானையைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் இரண்டாவது காதும் முடிந்துவிட்டது.

எந்தப் பானையில் மாற்றினாய் என்று பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து கேட்டார்கள். உங்களுடையதைத் தொடவில்லை, நீங்கள் விட்டுக்கொடுத்தது அப்படியேதான் இருக்கிறது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தேன். உறையை விலக்கி முடிச்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பானைகள் எங்கள் கூடத்தில் இருந்தவரைக்கும் இரண்டு பேரும் பார்க்கவில்லை.